குறிக்கோள் உணர்ந்த பெரியார்: வெலிவிட்ட சரணங்கரர்

கண்டி நகரிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்வோர் மகாவலி கங்கைக்கு அணித்தே குண்டசாலை என்னும் ஊரைக் காண்பர். இன்று விவசாயப் பாடசாலையினாற் பலரும் அறிந்த அவ்வூர், ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் அரசன் உறைந்த ஊராகும். 1707 ஆம் ஆண்டு முதல் 1739 ஆம் ஆண்டு வரை கண்டி இராச்சியத்தை ஆண்ட வீர நரேந்திரசிங்கன் ஆங்கு மாளிகை அமைத்து வாழ்ந்தான். அதனாற் குண்டசாலை மன்னன் என்றே மக்கள் அவனை வழங்கினர். மாளிகை அழிந்தது. மன்னனை வரலாறு கற்போரன்றிப் பிறர் நினைப்பதும் அரிதாயிற்று. எனினும், அவன் காலத்திலே மலைநாட்டுப் பாதைகளிற் பிச்சைப் பாத்திரம் ஏந்தி நடந்த ஓர் இளந்துறவியின் பெயர் இன்றும் மங்காது விளங்குகின்றது. அவரே வெலிவிட்ட சரணங்கரர்.

இந்துக் கல்லூரி ஒன்றின் விழா மலரிலே பௌத்த துறவி ஒருவரின் வரலாறு எற்றுக்கு என அன்பர் சிலர் வினவக்கூடும். தாம் பிறந்தது எதற்கென்று உணர்ந்து, உணர்ந்தபடியே வாழ்ந்து முடித்தவர் எச்சமயத்தவராயினும் மாணவர்க்கு ஆசிரியரே என்பது நமது விடை. அன்றியும், அவர் கருமம் நிறைவுறத் துணைநின்ற மன்னர் இருவர் மதுரையிலிருந்து வந்த நாயக்கர் குடும்பத்தவர். சைவ ஒழுக்கத்தில் வளர்ந்தவர். ஆதலின் இவ்வரலாற்றில் நமக்கும் உரிமை உண்டு.

சரணங்கரர் 1698 ஆம் ஆண்டிலே தும்பனைப் பகுதியைச் சேர்ந்த வெலிவிட்ட என்னும் சிற்றூரிற் பிறந்தார். பதினாறாம் வயதிற் சூரியகொட தேரரிடம் சாமணேரராகச் சேர்ந்தார். சாமணேரர் என்பது துறவின் முதற்படி. உபசம்பதை என்னும் நிறைதீட்சை பெற்ற பின்னரே ஒருவர் முழுமையான பிக்குவாகக் கருதப்படுவர். துறவு பூண்ட மறு ஆண்டே பேரிடி ஒன்று விழுந்தது. இராசத்துரோகக் குற்றஞ் சாட்டப்பெற்று, அவருடைய குரு அரசனாணையாற் கொலைத்தண்டனைக்கு உள்ளானார். அவ்வரசன் வேறு யாருமல்லன், குண்டசாலை மன்னனே. குருவை இழந்த பதினேழு வயதுப் பிள்ளை வீடு திரும்பியிருப்பின் அவரைக் குறை கூறுவார் ஒருவரும் இரார். அவர் திரும்பவில்லை.

அக்காலத்துப் பௌத்த சங்கத்தின் நிலை இரங்கத்தக்கதாய் இருந்தது. நிறைதீட்சை அளிப்பதற்கு ஐந்து பிக்குகளேனும் வேண்டும் என்பது விதி. நரேந்திரசிங்கனின் தந்தை 1697 ஆம் ஆண்டிலே அரக்கான் நாட்டிலிருந்து பிக்குகளை வருவித்துத் தீட்சை நடத்துவித்தான். ஆயினும் சில பத்தாண்டுகளுள் அம்மரபும் தேய்ந்து அற்றது. விகாரைகளிலே கணின்னான்சே எனப்பட்டோர் இருந்தனர். அவருட் பலர் விகாரை நிலங்களின் வருவாயை உண்டு, மனைவி மக்களோடு வாழ்ந்தனர். பாளி நூல்கள் ஏடுகளாய் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றை விளங்கிக்கொள்வார் அருகினர்.

இளைஞரான சரணங்கரருக்குத் தம் வாழ்க்கைக் குறிக்கோள் இவ்விடத்திலேதான் புலனாயிற்று. கனவிலோ அசரீரியிலோ அன்று. தாம் படிக்க விரும்பிய நூலைப் படிப்பிக்க ஆளில்லை என்ற குறையிலே அது புலனாயிற்று. கற்பிப்பார் யார் எனத் தேடினார். லெவுகே ராலஹாமி என்னும் இல்லறத்தார் ஒருவருக்குப் பாளி இலக்கணம் சிறிது தெரியும் எனக் கேள்விப்பட்டார். அவரோ அரசனின் சினத்துக்கு ஆளாகி அலுத்நுவரையிற் காவலில் இருந்தார். சரணங்கரர் அவரை நாடிச் சென்று, அவர் அறிந்த அளவைக் கற்றார். அரசனாற் குருவை இழந்தவர், அதே அரசனின் கைதியைக் குருவாகக் கொண்டார். எஞ்சியதைத் தாமே ஏடுகளோடு போராடித் தெளிந்தார்.

தாம் கற்றதைத் தம்மோடு நிறுத்தினாரல்லர். சித்தினாமலுவை, இலிப்பன்கமுவை முதலிய ஊர்களைச் சேர்ந்த துறவியர் அவரோடு கூடினர். சில்வத் சமாகமம் என்னும் ஒழுக்கக் கூட்டம் இவ்வாறு உருவாயிற்று. விகாரை வருவாயை வெறுத்து வீடுதோறும் பிச்சை ஏற்று உண்டமையாற் பிண்டபாதிகர் என்னும் பெயர் சரணங்கரருக்கு வழங்கலாயிற்று. கண்டியிலே நியமகந்த விகாரையில் மாணவர்க்குப் பாளி கற்பித்தார். சாரார்த்த சங்கிரகம், முனிகுணாலங்காரம் முதலிய நூல்களை இயற்றினார். அவற்றுள் முன்னையது குண்டசாலை மன்னனின் வேண்டுகோளுக்கு இணங்கி எழுதப்பட்டது என்பது சிந்திக்கத்தக்கது. தம் குருவைக் கொல்வித்தவனிடத்துப் பகை பாராட்டிக் காலங் கழித்திருப்பின் அவர் கருமம் கெட்டிருக்கும். கருமமே பெரிதெனக் கொண்டமையாற் பகை சிறிதாயிற்று.

எனினும், நிறைதீட்சை மரபை மீட்டல் தனியொருவராற் கூடுவதன்று. அதற்குக் கடல் கடத்தல் வேண்டும். கரையோரமோ ஒல்லாந்தர் கையில் இருந்தது. 1739 ஆம் ஆண்டில் அரசியின் உடன்பிறந்தானாகிய ஸ்ரீ விஜய ராஜசிங்கன் பட்டமேறினான். சரணங்கரரின் வேண்டுகோளை ஏற்று, 1741 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கப்பலிலே தூதரை அவன் அனுப்பினான். அக்கப்பல் உடைந்தது, தூதருட் பெரும்பாலோர் மாண்டனர். மீண்டும் 1747 ஆம் ஆண்டில் ஒரு தூது புறப்பட்டது. இடையிலே மன்னன் இறந்தமையால் அதுவும் பயனின்றிப் போயிற்று. கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் அரியணை ஏறிய பின், 1750 ஆம் ஆண்டில் மூன்றாந் தூது சென்றது. சீயத்தின் தலைநகராகிய அயுத்தியாவை அது அடைந்தது. அந்நாட்டரசன் உபாலி தேரரின் தலைமையிலே பிக்குகளை அனுப்பினான். அவர்கள் 1753 ஆம் ஆண்டிற் கண்டியை அடைந்தனர். அவ்வாண்டு ஆடிப் பூரணையன்று மல்வத்தை விகாரையிலே சரணங்கரர் உபசம்பதை பெற்றார்.

அன்று அவருக்கு வயது ஐம்பத்தைந்து. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள், நாட்டின் பெருங் கல்விமானாய் இருந்தும், அவர் முதற்படியிலேயே நின்றவர். பட்டம் கிடைத்த பின் பணி தொடங்குவோம் என அவர் காத்திருக்கவில்லை. பணி முடியுந் தறுவாயிலேதான் பட்டம் வந்தது. சங்கத் தலைமையாகிய சங்கராசர் பதவியை அரசன் அவருக்கு அளித்தான். அவருக்குப் பின் இலங்கையில் அப்பதவியை வகித்தார் எவருமிலர். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1767 ஆம் ஆண்டிலே, பர்மியர் படையெடுப்பால் அயுத்தியா நகர் அழிந்தது. முன்னைய தோல்விகளாற் சோர்ந்து இம்முயற்சியைக் கைவிட்டிருந்தால், பின்னர்ச் சென்று கேட்பதற்கு அந்நகரே இருந்திராது.

அவர் வாழ்வு நிழலற்ற வாழ்வு என நாம் கூறவில்லை. 1760 ஆம் ஆண்டிலே கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனைக் கொல்ல ஒரு சதி நடந்தது. அரசன் திருநீறு தரித்தல் முதலிய சைவ வழக்கங்களைக் கைவிடாமையும் அவன்மேற் சொல்லப்பட்ட குறைகளுள் ஒன்று. அச்சதியிலே சங்கராசரின் பெயரும் அகப்பட்டு, அவர் காவலில் வைக்கப்பட்டார். பின்னர் விடுவிக்கப்பட்டுப் பழைய நிலையை எய்தினார். மேலும், அரும்பாடுபட்டு மீட்ட அந்தத் தீட்சை காலப்போக்கில் உயர்குலத்தார்க்கே உரியதென வரையறுக்கப்பட்டது. அதனாற் பிறர் பர்மாவுக்குச் சென்று தீட்சை பெற்று வந்து, 1803 ஆம் ஆண்டில் அமரபுர நிகாயத்தை நிறுவ நேர்ந்தது. ஒரு பெரியார் திறந்த வாயிலைப் பின்வருவோர் குறுக்கிவிடுதல் எல்லாச் சமயங்களிலும் நிகழ்வதே. நம் கோயில் வாயில்களும் அதனை அறியும்.

சரணங்கரர் 1778 ஆம் ஆண்டிலே, எண்பதாம் வயதில் உலக வாழ்வை நீத்தார். கண்டி வாவிக்கரையிலே மல்வத்தை விகாரையைக் கடந்து செல்லும் நம் மாணவர், ஒருகணம் அவரை நினைத்தல் வேண்டும். என் வாழ்வின் நோக்கம் யாது எனக் கலங்கும் பிள்ளைகள் நம்மிடை உளர்; பரீட்சைப் பெறுபேறோ உத்தியோகமோ அதனைக் காட்டித்தரும் என்றும் அவர்கள் நம்புகின்றனர். அவை வேண்டியனவே. ஆயினும் நம் கண்முன்னே கிடக்கும் குறை எது, அதனை நீக்குதற்கு இன்று நாம் கற்கவேண்டிய முதற்பாடம் எது, அதனைக் கற்பிப்பார் சிறையிலிருப்பினும் தேடிச் செல்வோமா என்பனவே வெலிவிட்டத் துறவியின் வாழ்வு நம்மை நோக்கிக் கேட்கும் கேள்விகள். அவற்றுக்கு விடைகாண முற்படுவோர், தாம் தேடிய குறிக்கோளிலே ஏற்கெனவே காலடி வைத்தவராவர்.