வெறுங்காலுடன் நின்ற சீனச் சுவர்

கால்பந்தாட்டத்தில் நடுவர் தவறாகத் தீர்ப்புச் சொன்னால் ஆட்டக்காரர் என்ன செய்ய வேண்டும்? விதிப்படி பதில் ஒன்றுதான்: வாயை மூடிக்கொண்டு ஆடவேண்டும். ஆனால் ரசிகர்கள் கூடும் இடங்களில் இந்தப் பதில் செல்லாது. ஓட்டல் மேஜையிலும் பஸ் நிலையத்திலும் அது ஆப்சைடா, இல்லையா. அவன் பந்தை உதைத்தானா, ஆளை உதைத்தானா என்று நள்ளிரவு வரை வழக்கு நடக்கும்.

இந்த வழக்குக்குப் பெயர்போன ஊர் கல்கத்தா. அங்கே ஒரு ஆட்டக்காரர் நடுவரை எதிர்த்து ஒரு சொல்லும் பேசாமல், ஒரு கையும் ஓங்காமல், ஒரு விசித்திரமான காரியம் செய்தார். அவர்தான் கோஷ்ட பிஹாரி பால். கோஷ்ட பால் என்றால் வங்காளத்தில் தெரியாதவர் இல்லை.

1896-ம் ஆண்டு ஆகஸ்டு 20-ந் தேதி, கிழக்கு வங்காளத்தில் பரீத்பூர் ஜில்லாவைச் சேர்ந்த போஜேஸ்வர் கிராமத்தில் அவர் பிறந்தார். அந்த ஊர் இன்று வங்காள தேசத்தில் இருக்கிறது. சிறுவயதிலேயே கல்கத்தாவுக்கு வந்துவிட்டார். வடக்குக் கல்கத்தாவில், துர்க்கை பொம்மைகள் செய்யும் குமார்துலிப் பகுதியில்தான் அவர் பந்து உதைக்கக் கற்றார்.

அப்போது அவருக்குப் பதினைந்து வயது நிரம்பவில்லை. 1911-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி மோகன் பகான் குழு, ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்ற கோல் கணக்கில் வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. பதினொரு பேரில் பூட்ஸ் போட்டு ஆடியவர் ஒரே ஒருவர். மற்றப் பத்துப் பேரும் வெறுங்கால்! கூட்டத்தின் பின்னால் நின்றவர்களுக்கு ஆட்டம் தெரியாததால், காற்றாடி பறக்கவிட்டுக் கோல் கணக்கை அறிவித்தார்கள். வெள்ளைக்காரனை வெல்ல முடியும் என்று அன்று ஊர் முழுவதும் நம்பியது. வங்காளச் சிறுவன் ஒவ்வொருவனுக்கும் மோகன் பகான் சட்டை போடவேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. கோஷ்ட பாலுக்கு அந்த ஆசை ஓரிரு ஆண்டுகளிலேயே நிறைவேறியது. பள்ளிப் பருவம் தாண்டாத வயதில் மோகன் பகானில் சேர்ந்தார். 1935 வரை வேறு குழுவை அவர் தேடவில்லை.

பூட்ஸ் காலும் வெறுங்காலும்

அவர் ஆடிய இடம் பின்வரிசை; புல்பேக் என்பார்கள். கோல் போடுகிறவனுக்குக் கைதட்டல் கிடைக்கும். தடுக்கிறவனுக்குத் தப்பினால்தான் பெயர். அதுவும் கெட்ட பெயர்! அப்படிப்பட்ட இடத்தில் நின்று புகழ் பெற்றவர் இவர்.

எதிரே வருகிறவர்கள் பட்டாளத்துச் சோல்ஜர்கள். ஆறடி உயரம், காலில் கனத்த தோல் பூட்ஸ், அடியில் கட்டை பதித்தது. அந்தக் கால ஆட்டத்தில் தோளோடு தோள் மோதிப் பந்தைப் பறிப்பது விதிப்படி சரி. ஓடிவருகிற பூட்ஸ் காலின் முன்னால் வெறுங்காலை நீட்டிப் பந்தை எடுப்பதென்றால் எத்தகைய துணிச்சல் வேண்டும் என்பதை, கால்விரலில் ஒருமுறை மிதிபட்டவர்களே அறிவார்கள். கணுக்கால் எலும்பு போனால் ஆட்டம் போயிற்று. பலருக்கு ஆபீஸ் வேலையும் போயிற்று. கோஷ்ட பால் கட்டுமஸ்தான உடம்புக்காரர். பந்து எங்கே வரும் என்பதை முன்கூட்டியே கணித்து அங்கே போய் நிற்பார். தோள் கொடுத்தால் சோல்ஜர் சாய்வான். பந்து இவர் காலில் இருக்கும். கல்கத்தாவின் ஆங்கிலப் பத்திரிகையே அவருக்குச் சீனச் சுவர் என்று பட்டம் கொடுத்தது. அது கடைசி வரை நிலைத்துவிட்டது.

1921-ல் குழுவின் தலைவரானார். ஐந்தாண்டு காலம் அப்பொறுப்பை வகித்தார். 1923-ல் மோகன் பகான் மீண்டும் கேடயத்தின் இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிரி கல்கத்தா எப்.சி. வெள்ளையர் மட்டுமே உறுப்பினராக இருந்த கிளப் அது. அன்று பெய்த மழையில் மைதானம் குளமாயிற்று. வெறுங்கால் சேற்றில் வழுக்கியது. பூட்ஸ் கால் ஊன்றி நின்றது. 3-0 என்று தோற்றார்கள். இந்த ஆட்டத்தை நடத்தியிருக்கவே கூடாது என்று வங்காள ரசிகர்கள் பல ஆண்டுகள் குமுறினார்கள். மழையையும் நடுவர் கணக்கில்தான் எழுதினார்கள்!

அதே ஆண்டு பம்பாயில் ரோவர்ஸ் கோப்பை இறுதி ஆட்டத்தில் டர்ஹாம் லைட் இன்பன்ட்ரியிடமும் தோல்வி. பட்டாளக் குழுக்களின் கையிலேயே இருந்த அந்தக் கோப்பையை, பதினான்கு ஆண்டுகள் கழித்து 1937-ல் முதன்முதலாகப் பறித்த இந்தியக் குழு நம் பெங்களூர் முஸ்லிம்ஸ் என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

அவருடைய ஆட்டத்தைப் பற்றி எண்ணும்போது ஒன்று உறுத்தும். மோகன் பகான் முதல் கேடயத்தை வென்றபின் அவர் சேர்ந்தார். முதன்முதலாக லீக் பட்டம் பெற்ற 1939-ல் அவர் இல்லை. இரண்டாம் கேடயம் 1947-ல் வந்தது. நாட்டிலேயே பெரிய தடுப்பாட்டக்காரர் என்று போற்றப்பட்டவருக்கு இவ்விரண்டில் ஒன்றுகூட வாய்க்கவில்லை.

சொந்த ஊர்க்காரர்களே எதிரிகள்

1920-ல் கல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் கிளப் தோன்றியது. கிழக்கு வங்காளத்து ஆட்டக்காரர் ஒருவரை ஜோராபகான் குழு களத்தில் இறக்க மறுத்ததே அதற்குக் காரணம். கிழக்கிலிருந்து வந்தவர்களைப் பாங்கால் என்றும், மேற்கே பிறந்தவர்களைக் கோட்டி என்றும் சொல்வார்கள். பாங்கால் வென்றால் இலிசு மீன், கோட்டி வென்றால் இறால். அன்று சந்தையில் அதற்கு விலை ஏறும். 

1925-ம் ஆண்டு மே 28-ந் தேதி லீக் ஆட்டத்தில் இரண்டு குழுவும் முதல்முறையாக மோதின. ஈஸ்ட் பெங்கால் 1-0 என்று வென்றது. தோற்ற மோகன் பகானின் தலைவர் யார்? பரீத்பூரில் பிறந்த அசல் பாங்காலான கோஷ்ட பால்! ஊர்ப்பாசம் ஒருபுறம், சட்டை ஒருபுறம் என்ற சங்கடம் அவருக்கு இருந்திருக்கலாம். ஆட்டத்தில் அது தெரிந்ததில்லை. பிற்காலத்தில் பெங்களூரின் அகமது கான் கிழக்கும் தெரியாமல் மேற்கும் தெரியாமல் போய் ஈஸ்ட் பெங்காலின் கண்மணியானார். பிறந்த ஊரையும் அணிந்த சட்டையையும் போட்டுக் குழப்பிக்கொள்வது கூட்டத்தின் வேலை.

படுத்துவிட்ட பதினொருவர்

அந்தக் காலத்தில் ஐ.எப்.ஏ. நிர்வாகம் வெள்ளையர் கையில் இருந்தது. முதல் டிவிஷனில் இரண்டு இந்தியக் குழுக்களுக்கு மேல் கூடாது என்றுகூட ஒரு விதி வைத்திருந்தார்கள். போராடித்தான் அதை உடைக்க வேண்டியிருந்தது. பெரும்பாலான நடுவர்களும் அவர்கள் இனத்தவரே. வெள்ளைக்காரக் குழு ஆடும்போது விசில் ஒரு பக்கமாகவே ஊதுகிறது என்பது ரசிகர்களின் தீராத புகார். எல்லாப் புகாரும் உண்மையென்று சொல்லமாட்டேன். தோற்றவனுக்கு நடுவர் எப்போதுமே குருடர்தான். ஆனால் ஆளுகிறவனே ஆடி, ஆளுகிறவனே விசிலும் ஊதினால் சந்தேகம் எழுவதில் வியப்பில்லை.

1935-ல் கல்கத்தா எப்.சி.யுடன் ஆட்டம். நடுவரின் தீர்ப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக மோகன் பகானுக்கு விரோதமாக வந்தன. இத்தகைய வேளையில் கைகலப்பு நடப்பதுண்டு. கூட்டம் மைதானத்துக்குள் பாய்வதுண்டு. கோஷ்ட பால் தம் ஆட்டக்காரர்களைப் புல்தரையில் படுத்துவிடச் சொன்னார். படுத்துவிட்டார்கள். பந்து கிடக்கிறது, ஆட ஆளில்லை!

உப்புச் சத்தியாக்கிரகம் நடந்து ஐந்தாண்டுகளே ஆகியிருந்த காலம். எங்கிருந்து அந்த யோசனை வந்தது என்று யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை. ஆட்ட விதிப்படி அது குற்றம்தான். ஆட மறுக்கும் குழுவை எந்தச் சங்கமும் ஏற்காது. நாளைக்கு ஒவ்வொரு குழுவும் படுத்துக்கொண்டால் ஆட்டம் என்னாவது என்று கேட்பவர்களும் நியாயமே பேசுகிறார்கள். ஆனாலும் அன்று ஒருவருக்கும் காயமில்லை; நடுவர் மீது ஒரு கல்லும் விழவில்லை. அந்த ஆண்டோடு கோஷ்ட பால் ஆட்டத்தை விட்டார். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆடிய ஒருவரின் வழியனுப்பு விழா அதுவாயிற்று.

இடையில் 1933-ல் இந்தியக் குழுவை இலங்கைக்கு அழைத்துச் சென்ற பெருமையும் அவருக்கு உண்டு. கிரிக்கெட், ஹாக்கி, டென்னிஸ் ஆகியவற்றிலும் கைதேர்ந்தவர். 1962-ல் அரசாங்கம் பத்மஸ்ரீ விருது அளித்தது. கால்பந்தாட்டக்காரர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் தடவை. 1976-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், 79-வது வயதில் அவர் காலமானார்.

நான்காண்டுகள் சென்றன. 1980 ஆகஸ்டு 16-ந் தேதி, ஈடன் கார்டனில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதின. ஈஸ்ட் பெங்கால் பின்வரிசை ஆட்டக்காரர் ஒருவர் மோகன் பகான் முன்வரிசைக்காரரை முரட்டுத்தனமாக வீழ்த்தினார். விழுந்தவர் எழுந்து திருப்பித் தாக்கினார். நடுவர் இருவரையும் வெளியேற்றினார். அதற்குள் காலரியில் கல்லும் கட்டையும் பறந்தன. நெரிசலில் மிதிபட்டு 16 ரசிகர்கள் மாண்டார்கள். வீட்டில் பந்தாட்டம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போனவர்கள். ஆட்டமோ கோல் இல்லாமல் முடிந்தது.

அந்த ஈடன் கார்டனை ஒட்டிய சாலைதான் கோஷ்ட பால் சரணி. 1984-ல் அவருக்கு அங்கே சிலை வைத்தார்கள். 1998-ல் தபால் தலையும் வெளியாயிற்று. ஆகஸ்டு 16-ல் வங்காள ரசிகர்கள் அந்தப் பதினாறு பேரின் நினைவாக ரத்ததானம் செய்கிறார்கள். மோகன் பகான்காரரும் கொடுக்கிறார், ஈஸ்ட் பெங்கால்காரரும் கொடுக்கிறார்.