தகடு முதல், படம் வட்டி

இத்தாலிய ஓவியர் ஜொவானி பத்திஸ்தா பிரனேசி 1720-இல் வெனிஸ் நகருக்கு அருகே ஒரு கல் தச்சரின் மகனாகப் பிறந்தார். கட்டடக் கலை படித்து, 20 வயதில் ரோம் போய்ச் சேர்ந்தார். கட்டடம் கட்டித் தரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. ஆகவே ஜூசெப்பே வாசி என்பவரிடம் செப்புத் தகட்டில் படம் செதுக்கும் தொழிலைக் கற்றார்.

தகட்டின் மேல் மெழுகு பூசி, ஊசியால் படம் கீறுவார்கள். அமிலத்தில் வைத்தால் கீறிய கோடுகள் மட்டும் பள்ளமாகும். அதில் மை நிரப்பி, ஈரக் காகிதம் வைத்து அழுத்தினால் படம் வந்துவிடும். ஒரே தகட்டில் நூற்றுக்கணக்கான படங்கள் எடுக்கலாம். வங்கி மொழியில் சொன்னால், தகடுதான் முதல், படம் வட்டி.

ரோமைச் சுற்றிப் பார்க்க வந்த செல்வந்தர்கள் இவருடைய படங்களை விரும்பி வாங்கினார்கள். ரோம் காட்சிகள் மட்டும் 135. கற்பனைச் சிறைக்கூடங்களை வரைந்த வரிசை இன்னும் புகழ்பெற்றது.

ரோமின் பழங்கட்டடங்கள் பற்றிய பெரிய நூலுக்கு உதவுவதாக அயர்லாந்தின் சார்ல்மாண்ட் பிரபு வாக்களித்தார். ஒரு தொகுதியாகத் தொடங்கிய வேலை நான்கு தொகுதிகளாக வளர்ந்து 1756-இல் வெளிவந்தது. எதிர்பார்த்த பணம் வரவில்லை. கடிதம் மேல் கடிதம் எழுதியும் பயனில்லை. பிரனேசி என்ன செய்தார் தெரியுமா? முகப்புத் தகட்டில் கல்வெட்டுப் போலச் செதுக்கியிருந்த பிரபுவின் பெயரை நீக்கிவிட்டார். மறு ஆண்டே, தான் எழுதிய கடிதங்களையும் அச்சிட்டு ஊரறியச் செய்தார். ஒரு கைவினைஞர் பிரபுவை இப்படி எதிர்ப்பது அந்தக் காலத்தில் சாதாரணமல்ல.

1761-இல் தன் வீட்டிலேயே அச்சுக்கூடமும் விற்பனையும் தொடங்கினார். கட்டடக் கலைஞராக அவர் பெயர் சொல்வது ரோமின் அவென்டைன் குன்றில் அவர் புதுப்பித்த ஒரு தேவாலயம் மட்டுமே. 1778-இல் காலமான அவரை அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

தகடுகளைப் பிள்ளைகள் பாரிஸுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே 1830-களில் ஃபிர்மன் திதோ பதிப்பகம் அவற்றிலிருந்து முழுத் தொகுப்பை அச்சிட்டது. 1839-இல் போப்பின் அரசு தகடுகளை விலைக்கு வாங்கி ரோமுக்கே மீட்டது. இன்றும் அவை அங்கே அரசுப் பாதுகாப்பில் உள்ளன. சிறைக்கூடப் படங்களை நியூயார்க்கின் டோவர் பதிப்பகம் 1973-இல் புத்தகமாக வெளியிட்டது. பிரபு தராத பணம் போனது போனதுதான். தகடுகளைக் கைவிடாததால், அவர் உழைப்பு 250 ஆண்டுகளாக வட்டி தந்துகொண்டிருக்கிறது.