கடிகாரத்தை முன்னால் வைத்து எழுதியவர்

ரீயூனியன் மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையைப் பற்றி எழுதிக் கொடுப்பா என்று சீனியர் அண்ணன் ஒருவர் போன் செய்தார். விஸ்வேஸ்வரய்யாவைப் பற்றியோ ஒரு விஞ்ஞானியைப் பற்றியோ எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். மன்னிக்கணும் அண்ணே, நான் எழுதப் போவது ஒரு தபால் இலாகா அதிகாரியைப் பற்றி. பெயர் ஆந்தனி டிராலப். வேலை பார்த்துக்கொண்டே நாவல் எழுதிய ஆங்கிலேயர்.

ஏன் அவர்? என் பேட்ச்காரர்களுக்குத் தெரியும், கல்லூரி மலரில் வருஷாவருஷம் கதை எழுதின ஆசாமி நான். வேலையில் சேர்ந்த பிறகு ஒரு வரி எழுதவில்லை. யாராவது கேட்டால் டைம் எங்கே இருக்கு என்பேன். ஷிஃப்ட், சைட், டெண்டர், குழந்தைக்கு ஸ்கூல். பத்து வருஷம் இந்தப் பதிலைச் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்த என் கையில் பழைய புத்தகக் கடையில் டிராலப்பின் சுயசரிதை கிடைத்தது. அன்றோடு அந்தப் பதில் போச்சு.

டிராலப் 1815-ல் லண்டனில் பிறந்தார். அப்பா வக்கீல், தொழில் ஓடவில்லை. விவசாயத்தில் இறங்கினார், அதுவும் நஷ்டம். பெரிய வீட்டுப் பிள்ளைகள் படித்த ஹாரோ பள்ளிக்குச் சேறு படிந்த கால்களோடு நடந்து போய், எல்லோரிடமும் ஏச்சு வாங்கிய பையன் இவர். குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது அம்மா பிரான்சிஸ். ஐம்பது வயதைத் தாண்டி, 1832-ல் அந்த அம்மாள் முதல் புத்தகத்தை வெளியிட்டார். 1834-ல் கடன்காரர்களுக்குப் பயந்து குடும்பமே பெல்ஜியத்துக்கு ஓடியது. அங்கே நோயில் கிடந்த கணவருக்கும் மகனுக்கும் பணிவிடை செய்துகொண்டே நாவல் எழுதி அடுப்பு எரிய வைத்தார். எழுத்து என்பது அருள் வந்து ஆடுவதல்ல, உழைப்பு என்பதை டிராலப் அம்மாவிடம்தான் கற்றிருக்க வேண்டும்.

அதே 1834-ல் லண்டன் தபால் தலைமை அலுவலகத்தில் குமாஸ்தா வேலை, வருஷத்துக்கு 90 பவுன் சம்பளம். தினமும் லேட், மேலதிகாரியிடம் திட்டு, கடன். நம்ம ஆட்களில் சிலருக்கு இது பழகின கதை! 1841-ல் அயர்லாந்துக்கு மாற்றல் கேட்டுப் போனார். அங்கே மனுஷன் மாறிப் போனார். குதிரையில் ஊர் ஊராகப் போய்த் தபால் வழிகளை ஒழுங்கு செய்தார். 1844-ல் திருமணம். 1847-ல் முதல் நாவல்.

அந்த நாவலுக்கு லாபத்தில் பாதி என்று ஒப்பந்தம். லாபமே இல்லை என்று கணக்கு காட்டினால் பாதி எவ்வளவு? சைபர். இரண்டாவது நாவல் 375 பிரதி அச்சாகி 140 விற்றது. 1855-ல் வந்த தி வார்டன் என்ற நாவலுக்கு முதல் தவணை 9 பவுன் சொச்சம், அடுத்தது 10 பவுன் சொச்சம். ரோட்டில் கல் உடைத்திருந்தால் இதைவிடக் கிடைத்திருக்கும் என்று அவரே பின்னால் வருத்தமில்லாமல் குறித்து வைத்தார். ஆனால் நிறுத்தவில்லை.

அன்றைய புத்தக வியாபாரத்தைக் கொஞ்சம் சொல்லணும். ஒரு நாவல் என்றால் மூன்று பாகம், விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். சாதாரண ஜனம் வாங்க முடியாது. மியூடி என்பவரின் வாடகை நூலகத்தில் வருஷத்துக்கு 21 ஷில்லிங் கட்டினால் ஒரு சமயத்தில் ஒரு பாகம் எடுத்துப் படிக்கலாம். ஒரே நாவலை மூன்று வீட்டுக்கு ஒரே நேரத்தில் கொடுக்கலாம் என்பதால் மியூடிக்கு மூன்று பாகம்தான் வசதி. கதையின் நீளத்தைத் தீர்மானித்தது நூலகத்தின் வசதி.

1860 ஜனவரியில் அந்த வியாபாரம் ஆட்டம் கண்டது. ஒரு ஷில்லிங் விலையில் கார்ன்ஹில் மாத இதழ் வந்தது, ஆசிரியர் தாக்கரே. முதல் இதழே ஒரு லட்சம் பிரதிக்கு மேல் போனது. அதில் தொடர்கதை எழுத டிராலப்புக்கு 1,000 பவுன். அதுவரை எந்த நாவலுக்கும் அவர் அவ்வளவு வாங்கியதில்லை. முழு நாவலையும் முடிக்காமல் அச்சுக்குக் கொடுப்பதில்லை என்ற தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டு ஒப்புக்கொண்டார். அந்தத் தொடர்தான் அவரை வீட்டுக்கு வீடு கொண்டு போனது.

இவ்வளவுக்கும் வேலையை விடவில்லை. பிரான்ஸில் பார்த்த தெருவோரத் தபால் பெட்டியைச் சிபாரிசு செய்து, 1852-ல் ஜெர்சி தீவில் வைக்கச் செய்தவர் இவர்தான். இந்தியாவுக்கு வரும் தபால் பைகள் எகிப்தை ரயிலில் கடக்க 1858-ல் அங்கே போய் ஒப்பந்தம் பேசியவரும் இவரே. அந்தப் பயணத்தில் ஒரு நாவலை முடித்து, மறுநாளே அடுத்ததை ஆரம்பித்தார்.

எப்படி முடிந்தது? காலை 5.30-க்கு மேஜையில் இருக்க வேண்டும் என்று, காபியோடு எழுப்ப வேலைக்காரருக்கு வருஷம் 5 பவுன் கூடுதல் சம்பளம். மேஜையில் கடிகாரம். கால் மணிக்கு 250 சொல். முதல் அரை மணி முந்தின நாள் எழுதியதைப் படிப்பது, பிறகு எழுத்து. கணக்குப் போட்டுப் பாருங்கள், மூன்று மணி நேரத்தில் 2,500 சொல். ரயிலில் மடியில் பலகை வைத்து எழுதினார். தினமும் எத்தனை பக்கம் என்று நம்ம சைட் லாக் புக் மாதிரி பதிந்து வைத்தார். மொத்தம் 47 நாவல்.

அவர் செய்த ஒரு பரிசோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். விற்பது புத்தகமா, என் பெயரா என்று அவருக்குச் சந்தேகம். 1866 முதல் இரண்டு நாவல்களைப் பெயர் போடாமல் வெளியிட்டுப் பார்த்தார். விற்கவில்லை. மூன்றாவதற்குப் பதிப்பாளர் கையை விரித்துவிட்டார். விடை கசப்புதான், ஆனால் மறைக்காமல் எழுதி வைத்தார்.

1867-ல், 33 வருஷ சர்வீசுக்குப் பிறகு, பென்ஷனையும் விட்டு ராஜினாமா. அடுத்த வருஷம் பாராளுமன்றத் தேர்தலில் நின்று தோற்றார். பங்கு மோசடிக்காரன் ஒருவனை வைத்து எழுதிய தி வே வீ லிவ் நவ் 1874-75-ல் மாத வெளியீடாக வந்தபோது அந்த முறைக்கே மவுசு போயிருந்தது. வருமானம் இறங்கியது. நான்கு பாகமாக எழுதிய தி டியூக்ஸ் சில்ட்ரன் நாவலை மூன்று பாகமாக்க, சுமார் 65,000 சொற்களைத் தன் கையாலேயே அடித்தார். வெட்டுப்படாத முழு வடிவம் அச்சானது 2015-ல்தான்.

1882 டிசம்பரில் காலமானார். மறு வருஷம் சுயசரிதை வெளிவந்தது. கடிகாரம், லாக் புக், மொத்த வருமானம் 68,939 பவுன் 17 ஷில்லிங் 5 பென்ஸ் என எல்லாம் அதில் பட்டியலாக இருந்தது. இலக்கியக்காரர்கள் முகம் சுளித்தார்கள். இது கலையா, செருப்புத் தைப்பதா என்றார்கள். அவருடைய பெயர் நெடுங்காலம் மங்கிக் கிடந்தது. மூன்று பாக நாவலும் 1894-க்குப் பிறகு மறைந்தது. ஆனால் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் குண்டு விழுந்துகொண்டிருந்த இங்கிலாந்தில் ஜனங்கள் திரும்ப அவரைத் தேடிப் படித்தார்கள். இன்றும் அச்சில் இருக்கிறார்.

கணக்குப் பார்த்து எழுதினால் எல்லாம் நன்றாக வருமா? வராது. அவருடைய 47-ம் ஒரே தரமில்லை. ஆனால் எழுதாமல் இருந்தவனின் கதையில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. நான் இப்போது காலையில் அரை மணி உட்காருகிறேன். ஆறு மாசம் ஆச்சு. கால் மணிக்கு 250 எல்லாம் இல்லை, 60 வந்தால் பெரிசு. அதில் பாதி அடித்தல்.

தம்பி தங்கைகளே, கவிதையோ, வயலினோ, கேம்பஸ் இன்டர்வியூ முடிந்ததும் மூட்டை கட்டி வைத்துவிடாதீர்கள். சீனியர்களே, ரிட்டயர் ஆனதும் பார்த்துக்கலாம் என்று தள்ளிப் போட்ட வேலை உங்களுக்கும் ஒன்று இருக்கும். ரீயூனியன் அன்று மெஸ் வாசலில் சந்திக்கும்போது அது என்னவென்று எனக்குச் சொல்லுங்கள்.