ஊற்றுக்கண் காத்த சுபைதா அம்மையார்

தாகத்திற்கு நீர் தருவோரை உலகம் போற்றும். அந்நீர் பிறக்கும் இடத்தைக் காத்தவரையோ எளிதில் மறந்துவிடும். இவ்விரு பணிகளையும் ஒருசேரச் செய்த பெருமாட்டி ஒருவரின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

அப்பாஸியக் கலீஃபா அல்மன்சூரின் பேத்தி சுபைதா அம்மையார். இயற்பெயர் அமத்துல் அஸீஸ். பாட்டனார் செல்லமாக இட்ட பெயரே நிலைத்துவிட்டது. 786இல் கலீஃபாவான ஹாரூன் ரஷீதின் துணைவியாராகப் பக்தாதின் அரண்மனையில் செல்வச் செழிப்புடன் வாழ்ந்தார்.

மலைகள் சூழ்ந்த மக்கா மழை அருகிய நகரம். ஹஜ்ஜுக் காலத்தில் தோற்பை நீர் ஒன்று ஒரு தீனாருக்கு விற்றதாக வரலாறு கூறுகிறது. பொன்னுள்ளவன் பருகினான், ஏழைப் பயணி வாடினான். இந்நிலை அம்மையாரின் உள்ளத்தை வருத்தியது.

ஹுனைன் பள்ளத்தாக்கில் நல்லூற்று ஒன்று இருந்தது. அதன் நீரோ அங்கிருந்த தோட்டங்களுக்கே பாய்ந்துகொண்டிருந்தது. அம்மையார் அரச அதிகாரத்தால் அதனைப் பறிக்கவில்லை. தோட்டங்களை விலை கொடுத்து வாங்கினார்; அங்கு வேளாண்மையை நிறுத்தி, நீர் முழுவதையும் மக்காவுக்கே உரியதாக்கினார். மலைச்சரிவுகளில் வழிந்தோடும் மழைநீரைத் தேக்கி, கிளைக் கால்வாய்கள் வழியே முதன்மைக் கால்வாயில் சேர்க்கவும் வழிசெய்தார். வாய்க்காலை வெட்டுமுன் ஊற்றுக்கண்ணுக்குக் காவலிட்ட இந்த முன்னறிவே நாம் கருதத்தக்கது.

பாறையைப் பிளப்பது பெருஞ்செலவாகும் எனப் பணியாளர் தயங்கினர். கோடரியின் ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு தீனார் செலவாயினும் பணி நிற்கலாகாது என அம்மையார் பணித்தாராம். நுஃமான் பள்ளத்தாக்கிலிருந்து அரஃபாவுக்கும் நீர் வந்தது. வெயில் உறிஞ்சாமலும் தூசு படியாமலும் இருக்க நீர்வழி மூடி அமைக்கப்பட்டது. இறங்கித் தூர் வாருவதற்கு இடையிடையே கிணற்று வாய்களும் விடப்பட்டன. செலவு 17 லட்சம் தீனார் என்பர். கணக்கேடுகளைக் கொண்டுவந்தபோது, மறுமையின் கணக்கை எண்ணி அவற்றை ஆற்றில் விடச் செய்தார் என்றும் வழங்குவர்.

கூஃபாவிலிருந்து மக்கா வரை நீண்ட பயணவழியிலும் அம்மையார் கிணறுகளும் குளங்களும் அமைத்தார். 1184இல் அவ்வழியே சென்ற பயணி இப்னு ஜுபைர் அவற்றால் பயனடைந்து, அம்மையாரை நன்றியுடன் நினைவுகூர்ந்துள்ளார்.

813இல் மகன் அமீன் கொல்லப்பட்ட பெருந்துயரையும் தாங்கிய அம்மையார் 831இல் பக்தாதில் மறைந்தார். பிற்காலத்தில் பராமரிப்புக் குன்றிய போதெல்லாம் கால்வாய் தூர்ந்தது. மக்கா மீண்டும் தாகத்தால் வாடியது. 16ஆம் நூற்றாண்டில் உதுமானிய சுல்தான் சுலைமானின் மகள் மிஹ்ரிமா அதனைப் புதுப்பிக்கப் பொருளுதவினார். ஒருவர் வெட்டிய வழியைத் தலைமுறைதோறும் காக்க ஒருவர் வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

இன்று மக்காவின் தாகத்தைக் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் தணிக்கின்றன. எனினும் அம்மையாரின் வாழ்வு புகட்டும் பாடம் பழமையாகிவிடவில்லை. குழாய்முனையில் நீரைத் தேடுமுன் அது பிறக்கும் இடத்தை நோக்குவோம். அங்குக் கழிவு கலவாமலும், பொதுநீர் ஒருசிலரின் உடைமையாகாமலும் காப்போம். அதுவே நாம் அம்மையாருக்குச் செலுத்தும் நன்றியாகும்.