கோப்ளினுக்கு எத்தனை உயிர்? - அரக்கர்களுக்குக் கணக்கு எழுதிய கேரி கைகாக்ஸின் கதை

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' முதல் எபிசோடு ஞாபகம் இருக்கா? 1983-ம் வருஷம். நாலு பசங்க பேஸ்மென்ட்டில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கேம் ஆடிக்கிட்டு இருப்பாங்க. திடீர்னு டெமோகார்கன் வந்து நிற்கும். வில் பகடையை உருட்டுவான். 13 அல்லது அதுக்கு மேல விழணும். விழுந்தது 7. அவன் கதை அந்த இடத்துலயே மாறிடும்.

அந்த டெமோகார்கன் சீரிஸ்காரங்க கண்டுபிடிச்சது இல்லை. 1977-லயே ஒரு புத்தகத்தில் அதுக்கு எண்கள் எழுதப்பட்டிருந்தன. ஹிட் பாயின்ட்ஸ் 200, ஆர்மர் கிளாஸ் மைனஸ் 8. அதாவது, புதுசா ஆட வந்த ஒரு வீரன் எத்தனை தடவை பகடை உருட்டினாலும் அதன் மேல் ஒரு கீறல்கூட விழாது. எழுதியவர் கேரி கைகாக்ஸ். ஸ்கூலைப் பாதியில் விட்டவர், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை இழந்தவர், வீட்டில் உட்கார்ந்து ஷூ ரிப்பேர் செய்தவர்.

1938 ஜூலை 27, சிகாகோவில் பிறந்தார். அப்பா சுவிட்சர்லாந்தில் இருந்து வந்து குடியேறியவர், வயலின் கலைஞர். கேரி சின்னப் பையனாக இருந்தபோதே குடும்பம் விஸ்கான்சின் மாநிலத்தில் ஏரிக்கரை ஊரான லேக் ஜெனீவாவுக்குக் குடிபெயர்ந்தது. செஸ், சீட்டு, மாயாஜாலக் கதைப் புத்தகங்கள்... இதில்தான் பையனுக்கு ஆர்வம். படிப்பில் இல்லை. அப்பா இறந்த 1956-ல் படிப்பும் நின்றது. கடற்படை வீரர் பயிற்சிக்குப் போனார், நிமோனியா வந்து திரும்பினார். அப்புறம் சிகாகோவில் இன்ஷூரன்ஸ் அண்டர்ரைட்டர் வேலை.

அண்டர்ரைட்டர்னா? ஒருத்தருக்குப் பாலிசி கொடுத்தால் கம்பெனிக்கு எவ்வளவு ஆபத்து என்று எடை போட்டு, அதை எண்ணாக மாற்றுபவர். வயசு, தொழில், விபத்து நடக்க வாய்ப்பு, எல்லாமே அட்டவணையில் வந்துடும். இந்த வேலைதான் பின்னால் அவருடைய அரக்கர்களை உருவாக்கியது என்று எனக்குத் தோணுது. கற்பனை பலருக்கு இருக்கும். ஒரு டிராகனைப் பார்த்ததும் இது வீட்டில் இருக்க எத்தனை சதவிகிதம் வாய்ப்பு என்று யோசிக்கிற மூளை எத்தனை பேருக்கு இருக்கும்?

1970-ல் அந்த வேலை போச்சு. ஐந்து குழந்தைகள். பகலில் ஷூ தைத்தார், மற்ற நேரத்தில் போர் விளையாட்டுகளுக்கு விதிகள் எழுதினார். குட்டிப் பொம்மை வீரர்களை மேஜையில் அடுக்கி, பகடை போட்டு, பழைய காலத்துச் சண்டைகளை ஆடும் கூட்டம் அப்போது அமெரிக்காவில் சின்னதாக இருந்தது. 1968-லேயே அவர்களுக்காக லேக் ஜெனீவாவில் ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்து 'ஜென் கான்' என்ற சந்திப்பை ஆரம்பித்தவர் கைகாக்ஸ்தான். 1971-ல் ஜெஃப் பெரனோடு சேர்ந்து 'செயின்மெயில்' என்ற விதிப் புத்தகத்தை வெளியிட்டார். அதன் கடைசியில் மந்திரவாதி, டிராகன், பூதம் எல்லாம் சேர்த்து ஒரு பகுதி. சாதாரண வீரனுக்கு ஓர் அடி விழுந்தால் சாவு. மாவீரன் என்றால் நாலு பேருக்குச் சமம். அவ்ளோதான் கணக்கு.

இந்த இடத்தில் இன்னொருத்தரைச் சொல்லாமல் தாண்டக் கூடாது. மின்னசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஆர்னசன். அவர் செயின்மெயிலை எடுத்து, பெரிய படைக்குப் பதிலாக ஆளுக்கு ஒரே ஒரு கேரக்டர் என்று மாற்றி ஆட ஆரம்பித்தார். பாசமாக வளர்த்த கேரக்டர் ஒரே அடியில் செத்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? அதனால் தன் கப்பல் போர் விளையாட்டு விதிகளில் இருந்து ரெண்டு விஷயங்களைக் கொண்டுவந்தார். கப்பல் எத்தனை அடி தாங்கும் என்பது ஹிட் பாயின்ட்ஸ் ஆனது. கவசம் எவ்வளவு தடிமன் என்பது ஆர்மர் கிளாஸ் ஆனது. இன்னைக்கு உங்கள் மொபைல் கேமில் தலைக்கு மேல் ஓடும் ஹெல்த் பாருக்கு இதுதான் பூர்வீகம்.

1972-ல் ஆர்னசன் லேக் ஜெனீவா வந்து ஆடிக் காட்டினார். கைகாக்ஸுக்குப் பைத்தியமே பிடிச்சிருச்சு. ஆர்னசனின் குறிப்புகளை வாங்கி, டைப்ரைட்டர் முன் உட்கார்ந்து, சில வாரங்களில் சுமார் 50 பக்கம் அடித்தார். முதலில் ஆடிப் பார்த்தவர்களில் அவருடைய சொந்தப் பிள்ளைகளும் உண்டு. வெளியிட ஆள் கிடைக்காததால், 1973-ல் பால்ய நண்பர் டான் கேயுடன் சேர்ந்து டி.எஸ்.ஆர் கம்பெனியை ஆரம்பித்தார். கே தன் பங்குக்கு ஆயுள் காப்பீட்டின் மேல் 1000 டாலர் கடன் வாங்கினார். பிரையன் ப்ளூம் என்பவர் 2000 டாலர் போட்ட பிறகுதான் அச்சுக்கே போக முடிந்தது. 1974-ல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வந்தது. முதல் பதிப்பு 1000 பெட்டிகள்தான், கையாலேயே அடுக்கியவை. ஒரு வருஷத்துக்குள் தீர்ந்தன. அடுத்த ஜனவரியில் டான் கே மாரடைப்பில் இறந்துபோனார்.

அரக்கர்களின் ஜாதகம்

1977-ல் வந்த 'மான்ஸ்டர் மேனுவல்'தான் கைகாக்ஸின் முத்திரை. கெட்டி அட்டை, 112 பக்கம், 350-க்கும் மேற்பட்ட அரக்கர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே வரிசையில் எண்கள். ஜாதகக் கட்டம் மாதிரி.

கோப்ளினை எடுத்துக்குவோம். குட்டிச்சாத்தான் சைஸில் ஒரு பச்சா அரக்கன். ஆர்மர் கிளாஸ் 6. அந்தக் காலத்தில் இந்த எண் குறையக் குறையத்தான் பாதுகாப்பு அதிகம். புதுமுக வீரன் இதை அடிக்க 20 முகப் பகடையில் 14-ஆவது விழணும். ஹிட் பாயின்ட்ஸ் 1-ல் இருந்து 7 வரை. ரெண்டு வெட்டில் காலி. ப்ச், இவ்வளவுதானா என்று நினைப்பீர்கள். அடுத்த கட்டத்தைப் பாருங்கள். எத்தனை பேர் வருவார்கள்? 40 முதல் 400 வரை!

அதுக்குப் பக்கத்திலேயே இன்னொரு எண், 40 சதவிகிதம். நீங்கள் சந்திக்கும்போது அவை தங்கள் குகையில் இருப்பதற்கான வாய்ப்பு அது. அசல் புதையல் குகையில்தான். ஆக, 100-ல் 60 தடவை புதையல் இல்லாத வெட்டிச் சண்டை. ஓடிப்போவதா, பின்தொடர்ந்து குகையைக் கண்டுபிடிப்பதா? இன்ஷூரன்ஸ் ஆபீஸர் சிரிப்பது கேட்குதா?

கதை சொல்லி ஆட்டத்தை நடத்துபவருக்கு டன்ஜன் மாஸ்டர் என்று பெயர். எண்கள் எல்லாம் அவர் கையில். 40 கோப்ளின் வந்தால் 40-க்கும் தனித்தனியாகப் பகடை போட்டு, உயிரைத் தாளில் குறித்து, அடி விழ விழக் கழிக்கணும். விவரமானவர்கள் வீட்டிலேயே எழுதி வைத்துக்கொண்டு வருவார்கள். மேஜையில் உட்கார்ந்து எண்ணினால் மற்றவர்கள் தூங்கிடுவாங்க.

எல்லா பயமும் பெரிய எண்ணில் இல்லை என்பதும் கைகாக்ஸுக்குத் தெரிஞ்சிருந்தது. ஹாங்காங்கில் செய்த மலிவு பிளாஸ்டிக் பொம்மைப் பாக்கெட் ஒன்று அவர் கையில் கிடைத்தது. என்ன மிருகம் என்றே சொல்ல முடியாத உருவங்கள். வாலில் காற்றாடி வைத்த ஒன்று 'ரஸ்ட் மான்ஸ்டர்' ஆனது. அது கொடுக்கும் சேதம்? சுத்தமா பூஜ்யம். ஆனால், அதன் கொம்பு பட்டால் உங்கள் இரும்புக் கவசமும் வாளும் துருவாக உதிர்ந்துவிடும். மாசக்கணக்கில் ஆடிச் சேர்த்த சொத்து! 200 ஹிட் பாயின்ட்ஸைவிட இந்தப் பூஜ்யத்துக்குத்தான் பலரும் நடுங்கினார்கள்.

நம்ம ஊர் ஆளும் அந்தப் புத்தகத்தில் உண்டு. ராட்சசன். புலித்தலை, கையில் பைப். மாரீசன் மான் ஆன மாதிரி வேஷம் போடும், சரி. ஆனால் பாதிரியார் ஆசீர்வதித்த குறுக்குவில் அம்பு பட்டால் உடனே சாவு என்றும் போட்டிருக்கிறார். எந்த ராமாயணத்தில்? 'கோல்சாக்' என்ற அமெரிக்க டி.வி தொடரின் ஒரு எபிசோடில்! கைகாக்ஸ் எங்கிருந்தும் எடுப்பார். டோல்கீன் தரப்பில் இருந்து சட்டப் பிரச்னை வந்தபோது ஹாபிட், பால்ராக் பெயர்களை எல்லாம் தூக்க வேண்டியிருந்தது.

யாருடைய எண்கள்?

பெரிய சண்டை உள்ளேயே காத்திருந்தது. மான்ஸ்டர் மேனுவல் அட்டையில் கைகாக்ஸ் பெயர் மட்டும்தான். இது 'அட்வான்ஸ்டு' வரிசை, வேறு கேம், எனவே ஆர்னசனுக்கு ராயல்டி கிடையாது என்பது கம்பெனியின் நிலை. 1979-ல் ஆர்னசன் கோர்ட்டுக்குப் போனார். 1981-ல் சமரசம் ஆனது. ரெண்டு பேரும் இணைந்து உருவாக்கியவர்கள் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. 350 அரக்கர்களின் குணமும் குகையும் கைகாக்ஸ் உழைப்பு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஹிட் பாயின்ட்ஸும் ஆர்மர் கிளாஸும் இல்லாத ஒரு பக்கம்கூட அந்தப் புத்தகத்தில் கிடையாதே? என் ஓட்டு இந்த வழக்கில் ஆர்னசனுக்குத்தான்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. இந்த விளையாட்டு பிசாசு வழிபாடு என்று மதக் குழுக்கள் கிளம்பின. கைகாக்ஸ் ஹாலிவுட் போய் 1983-ல் கார்ட்டூன் தொடர் செய்துகொண்டிருந்தபோது, ஊரில் கம்பெனி கடனில் மூழ்கியது. திரும்பி வந்து பிடித்து நிறுத்தப் பார்த்தார். ஆனால் ப்ளூம் சகோதரர்கள் தங்கள் பங்குகளை லொரெய்ன் வில்லியம்ஸ் என்பவருக்கு விற்றுவிட்டார்கள். கோர்ட்டிலும் கைகாக்ஸ் தோற்றார். 1986-க்குப் பிறகு, தான் தொடங்கிய கம்பெனியில் அவருக்கு எந்த இடமும் இல்லை. எதிராளியின் ஆபத்தை எண்ணிப் பார்க்கத் தெரிந்தவர், பக்கத்து நாற்காலியை எண்ண மறந்துட்டார்.

பிறகும் வேறு வேறு கேம்கள் எழுதினார். ஒன்றும் அந்த அளவுக்குப் போகவில்லை. லேக் ஜெனீவா வீட்டுத் திண்ணையில், தேடி வரும் ரசிகர்களை உட்காரவைத்து ஆடினார். 2004-ல் பக்கவாதம். 2008 மார்ச் 4-ல், 69 வயதில் இறந்தார். ஆர்னசன் அடுத்த ஆண்டு ஏப்ரலில் போனார்.

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் அதே கோப்ளினைத் தேடிப் பாருங்கள். ஆர்மர் கிளாஸ் 15. 2000-ம் ஆண்டிலேயே கணக்கைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள், இப்போது எண் கூடினால்தான் பாதுகாப்பு. ஹிட் பாயின்ட்ஸ் 7 என்று சராசரி அச்சிலேயே இருக்கிறது, தனித்தனியாக உருட்டத் தேவையில்லை. 40 முதல் 400 வரை என்ற வரியைக் காணோம். எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை டன்ஜன் மாஸ்டரே முடிவு செய்துகொள்ளணும்.