ஸ்டீபன் பாஸ்டர்: பாட்டும் பத்திரமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சுதந்திரப் பிரகடனம் நிறைவேறி ஐம்பது வருஷம் பூர்த்தியான நாள் 1826-ம் வருஷம் ஜூலை 4-ந் தேதி. பிரகடனத்தை எழுதிய ஜெபர்ஸனும், அதன் பொருட்டு மன்றாடிய ஜான் ஆடம்ஸும் அன்றைய தினமே காலஞ்சென்றார்கள். அதே தினத்தில் பென்ஸில்வேனியா மாகாணத்தில், பிட்ஸ்பர்க் நகரை அடுத்த லாரன்ஸ்வில் என்னும் சிற்றூரில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பிற்காலத்தில் இருநூறுக்கு மேற்பட்ட பாட்டுக்களை இயற்றி, மெட்டமைத்து, அத்தேசத்தின் மூலை முடுக்கெல்லாம் பாடச் செய்த ஸ்டீபன் பாஸ்டர் அக்குழந்தையே.

வேறு உத்தியோகமோ வியாபாரமோ இன்றி, பாட்டு இயற்றுவதையே ஜீவனமாகக் கொண்டு குடும்பம் நடத்தத் துணிந்த முதல் அமெரிக்கர் இவரே என்று அந்நாட்டுச் சரித்திரக்காரர் பலர் கூறுவர். அவர் தம் 37-வது வயதில் நியூயார்க் நகரத்துப் பெல்வியூ ஆஸ்பத்திரியில் உயிர் நீத்தபோது பணப்பையில் இருந்தது 38 செண்ட். மது அவரைக் கெடுத்தது என்று ஒரே வார்த்தையில் கதையை முடித்துவிடுவோர் உண்டு. மது கெடுத்தது மெய்தான். எனினும், அவர் கையெழுத்திட்ட பத்திரங்களையும் அக்காலத்துச் சட்டத்தையும் சேர்த்து வாசிப்போர்க்கு விஷயம் அவ்வளவு சுலபமாக முடிந்துவிடாது.

தந்தையார் வியாபாரி, அரசியலிலும் புகுந்தவர், நிலமும் வீடும் இருந்து இழந்தவர். மூத்த சகோதரர்கள் கால்வாய், இருப்புப் பாதை, நீராவிக் கப்பல் என்று காலத்துக்கேற்ற தொழில்களில் முன்னுக்கு வந்துகொண்டிருந்தார்கள். அத்தகைய குடும்பங்களில் சங்கீதமென்பது பெண்மணிகள் கூடத்தில் அமர்ந்து பியானோ வாசிப்பதற்குரியது. ஆண்மகன் அதை நம்பிச் சாப்பிட முடியும் என்று ஒருவரும் எண்ணியதில்லை. 1841-ல் கலாசாலையில் சேர்த்தார்கள். சில நாட்களுக்குள் திரும்பிவிட்டார். பிட்ஸ்பர்க்கில் குடியேறியிருந்த ஹென்றி கிளேபர் என்னும் ஜெர்மானியரிடம் கொஞ்சம் சங்கீத சாஸ்திரம் கற்றதைத் தவிர, முறையான குருகுல வாசம் அவருக்கு வாய்க்கவில்லை. முதற் பாட்டு 1844-ல் பிலடெல்பியாவில் அச்சேறிற்று. அப்போது வயது 18.

1846-ல் ஸின்ஸினாட்டி நகருக்குச் சென்று, சகோதரர் டன்னிங் கூட்டாளியாயிருந்த கப்பல் ஏஜென்ஸியில் கணக்குப்பிள்ளையாக அமர்ந்தார். பகலில் பேரேடு, இரவில் மெட்டு. அவ்வேலையில் இருந்தபோதுதான் ஓ! சூஸன்னா என்னும் பாட்டைச் செய்தார். 1847 செப்டம்பரில் பிட்ஸ்பர்க் நகரத்து ஐஸ்கிரீம் கடை ஒன்றின் கச்சேரியில் அது முதன்முதலாகப் பாடப்பட்டது. மறு வருஷம் அச்சாயிற்று. ஒரு கம்பெனியில் மட்டுமா? பல ஊர்களில், பல கம்பெனிகள், பலர் பெயரைப் போட்டு அச்சடித்து விற்றன. 1849-ல் கலிபோர்னியாவில் தங்கம் தேடிப் புறப்பட்ட ஆயிரக்கணக்கானோர் அதைப் பாடிக்கொண்டே சென்றார்கள். ஆசிரியருக்குக் கிடைத்ததோ ஒரே ஒரு முறை வந்த நூறு டாலர் என்று சொல்லப்படுகிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த நூறு டாலரைக் கண்டுதான், பாட்டெழுதியும் பிழைக்கலாம் என்ற துணிவு அவருக்குப் பிறந்தது!

அக்காலத்தில் ஒரு பாட்டு எப்படிப் பணமாயிற்று என்பதை இங்கே சொல்ல வேண்டும். கிராமபோன் இல்லை, ரேடியோ இல்லை, பேசும் படம் இல்லை. ஸ்வரமும் சாகித்தியமும் அச்சிட்ட சில பக்கத் தாள்தான் சரக்கு. நம் நாட்டு நாடகக் கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தை நேயர்கள் நினைத்துக்கொண்டால் போதும்; பியானோ வைத்திருந்த வீடுதோறும் அதை வாங்கினார்கள். பாட்டை ஊரெங்கும் பரப்பியவை நாடகக் கோஷ்டிகள். அமெரிக்கச் சட்டம் 1831-ல் முதன்முதலாகச் சங்கீத உருப்படிகளுக்கும் பதிப்புரிமை வழங்கிற்று. 28 வருஷம் உரிமை. அதன்பின் ஆசிரியரோ, அவருடைய மனைவி மக்களோ புதுப்பித்துக்கொண்டால் மேலும் 14 வருஷம். ஆனால் அந்த உரிமை அச்சிடுவதற்கு மட்டுமே. மேடையில் பாடுகிறவன் பாட்டாசிரியனுக்கு ஒரு செண்டும் தரக் கடமைப்பட்டவனல்லன். சபையோரிடம் டிக்கெட் விற்றுப் பதினாயிரம் முறை பாடினாலும் அது சட்டப்படி கொள்ளையாகாது. பாடுவதற்கும் உரிமை வேண்டும் என்ற விதி 1897-ல்தான் வந்தது. பாஸ்டர் மண்ணுக்குள் சென்று 33 வருஷம் ஆகியிருந்தது.

1849-ல் நியூயார்க் நகரத்துப் பர்த் பாண்ட் கம்பெனியார் அவருடன் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். விற்கும் பிரதி ஒவ்வொன்றுக்கும் இரண்டு செண்ட். மொத்தமாகச் சில டாலரை வீசிவிட்டுப் பாட்டை வாங்கிக்கொள்வதே வழக்கமாயிருந்த காலத்தில் இது நியாயமான ஏற்பாடு. அக்கம்பெனியாரை வஞ்சகர் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. இந்தப் பத்திரத்தை நம்பித்தான் பாஸ்டர் கணக்குப்பிள்ளை வேலையைத் துறந்து, 1850-ல் பிட்ஸ்பர்க் திரும்பி, முழு நேரப் பாட்டாசிரியரானார். அவ்வருஷம் ஜூலையில் ஜேன் மக்டவல் என்னும் வைத்தியர் மகளை மணந்தார். மறு வருஷம் மேரியன் என்ற பெண் பிறந்தாள்.

அவர் வேலை செய்த விதம், பாட்டு ஏதோ அருளால் தானே பொங்கி வருவதென்று நினைப்போரைத் திகைக்க வைக்கும். அவருடைய கையெழுத்து நோட்டுப் புத்தகம் ஒன்று இன்றும் பிட்ஸ்பர்க் சர்வகலாசாலையில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. அதில் அடித்தலும் திருத்தலும், ஒரே அடியைப் பல விதமாக எழுதிப் பார்த்தலும் பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன. ஓல்ட் போக்ஸ் அட் ஹோம் என்ற பாட்டுக்கு ஒரு தென்னாட்டு நதியின் பெயர் தேவைப்பட்டது. பீடீ என்று முதலில் எழுதினார், காதுக்குப் பிடிக்கவில்லை. தேசப் படத்தைப் புரட்டியதில் பிளாரிடாவில் ஸுவானி என்றொரு நதி கண்ணில் பட்டது. ஓரெழுத்தைச் சுருக்கி மெட்டில் அமர்த்திக்கொண்டார். அந்த நதியை அவர் ஜன்மத்தில் கண்டதில்லை. 1935-ல் பிளாரிடா ராஜ்யம் அப்பாட்டையே தன் ராஜ்ய கீதமாக ஏற்றுக்கொண்டது.

இந்தப் பாட்டின் மீதுதான் அவர் செய்த பெரும் பிழையும் நிகழ்ந்தது. 1851-ல் கிறிஸ்டி என்ற பிரபல கூத்துக் கோஷ்டித் தலைவரிடம் சிறு தொகை பெற்றுக்கொண்டு, ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கிறிஸ்டியின் பெயரை அச்சிடச் சம்மதித்தார். பிரதிக்குரிய செண்டுகள் பாஸ்டருக்கு வந்துகொண்டிருந்தன. பெயர் மட்டும் போயிற்று. பெயரை ஏன் விற்றார்? கண்ணியமான குடும்பத்தார் இத்தகைய கூத்துப் பாட்டை இழிவாகக் கருதினார்கள். தம் பெயர் அதில் கெடுமென்று அவரும் அஞ்சினார். பாட்டோ அச்சு யந்திரங்கள் ஓயாமல் ஓடும்படி விற்றது. 1852-ல் மனம் மாறி, இனி வெட்கமின்றி என் பெயரை இட்டுக்கொள்வேன், திருப்பிக் கொடும் என்று கிறிஸ்டிக்குக் கடிதம் எழுதினார். கிறிஸ்டி மறுத்துவிட்டார். பணம் கொடுத்து வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கச் சட்டம் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

அந்தக் கூத்து எத்தகையது என்பதை மறைத்துப் பாஸ்டரைப் புகழ்வது நேர்மையாகாது. வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு, அடிமைகளைப் போல நடித்து, அவர்கள் பேச்சைக் கொச்சைப்படுத்திச் சபையோரைச் சிரிக்க வைப்பதே அது. லட்சக்கணக்கான கறுப்பு மக்கள் விலைக்கு விற்கப்பட்டுக் கொண்டிருந்த தேசத்தில் அந்தச் சிரிப்புக்கு என்ன பொருள் என்பது அந்நிய ஆதிக்கத்தை அனுபவித்த நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாஸ்டரின் ஆரம்பப் பாட்டுக்களில் அந்த நஞ்சு கலந்தே இருக்கிறது, ஓ! சூஸன்னாவின் மூல வடிவத்தில் இன்று எந்த மேடையிலும் பாடக் கூசும் அடிகள் உண்டு. நாளடைவில் அவர் பேனா மாறிற்று. கொச்சையைக் குறைத்தார், அடிமையையும் பிரிவாற்றாமையும் துக்கமும் உடைய மனிதனாகக் காட்டினார். அங்கிள் டாமின் குடிசை என்ற நாவல் 1852-ல் வெளிவந்தது. அதைப் படித்த வேகத்தில் தொடங்கிய பாட்டே 1853-ல் மை ஓல்ட் கென்டக்கி ஹோம் என்று வெளிவந்தது. நோட்டுப் புத்தகத்தில் முதலில் டாம் என்ற அந்தக் கிழவனையே விளித்து எழுதியிருக்கிறார். அடிமையாய்ப் பிறந்து, தப்பி வந்து, விடுதலைக்குப் போராடிய பிரெடெரிக் டக்ளஸ் 1855-ல் செய்த பிரசங்கம் ஒன்றில், இப்பாட்டு அடிமைகளிடம் இரக்கத்தை எழுப்பும் என்று பாராட்டியிருக்கிறார். அதே பாட்டில் கறுப்பு மக்களைக் குறித்த இழிசொல்லைக் கென்டக்கி ராஜ்யத்தார் 1986-ல் மாற்ற நேர்ந்ததும் உண்டு. பிட்ஸ்பர்க்கில் 1900-ல் எழுப்பிய அவருடைய சிலையில், காலடியில் ஒரு கறுப்புக் கிழவர் அமர்ந்து வாத்தியம் வாசிப்பதாக அமைத்திருந்தார்கள். பல காலம் ஆட்சேபம் எழுந்து, 2018 ஏப்ரலில் அச்சிலையை அகற்றினார்கள். அகற்றியது சரியென்றே நாம் கருதுகிறோம். எவருடைய துயரத்தைப் பாடிப் பாஸ்டர் காசு பெற்றாரோ, அவர்களுக்கு அந்தக் காசில் பங்கு இல்லை. அவர் வஞ்சிக்கப்பட்ட கதையைச் சொல்லும்போது இந்தப் பெரிய வஞ்சனையையும் கூடவே வைத்துத்தான் நிறுக்க வேண்டும்.

மீண்டும் கணக்குக்கு வருவோம். 1857 ஜனவரியில் பாஸ்டர் தம் பாட்டுக்களின் வரவை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தார். பழைய கணக்குப்பிள்ளையின் கை தெரிகிறது. ஓல்ட் போக்ஸ் அட் ஹோம் அதுவரை ஈட்டியது 1,647 டாலர்; கென்டக்கிப் பாட்டு 1,372 டாலர். மனைவியை நினைத்து எழுதியதென்று சொல்லப்படும் ஜீனி வித் தி லைட் பிரவுன் ஹேர் சுமார் 200 டாலர்தான். பர்த் பாண்ட் கம்பெனியார் மூலம் மொத்தம் 9,400 டாலருக்கு மேல் வந்திருந்தது. சுமார் ஏழு வருஷத்துக்கு இது அற்ப வருமானமன்று. சிக்கனமான குடும்பம் கௌரவமாக வாழலாம். பாஸ்டரோ வருவதற்கு முன்பே செலவழிப்பவர். கம்பெனியில் முன்பணம் வாங்கி வாங்கிக் கடன் ஏறியிருந்தது. ஆகவே, பாட்டுக்கள் இனி எவ்வளவு ஈட்டும் என்று தாமே மதிப்பிட்டு, அம்மதிப்புக்கும் குறைவாக, இரண்டாயிரம் டாலருக்கும் உட்பட்ட தொகைக்கு அவ்வளவு உரிமையையும் கம்பெனியாரிடமே விற்றுவிட்டார். விளைநிலத்தை விற்று அந்த வருஷத்துச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளும் மிராசுதாரரை நமது கோர்ட்டுகளில் நாம் எத்தனை பேரைக் கண்டதில்லை! பத்திரம் குற்றமற்றது, கையெழுத்து உண்மையானது, வாதாட இடமே இல்லை.

1860-ல் மனைவி மகளுடன் நியூயார்க் சென்றார். அந்த வருஷம் ஓல்ட் பிளாக் ஜோ வெளிவந்தது. அடுத்த வருஷம் உள்நாட்டு யுத்தம் மூண்டது. ஜனங்களின் ருசி மாறிற்று. குடி முற்றிற்று. ஜேன் மகளை அழைத்துக்கொண்டு பென்ஸில்வேனியாவுக்குத் திரும்பி, இருப்புப் பாதைக் கம்பெனியில் தந்தி அடிக்கும் வேலையில் அமர்ந்து குழந்தையைக் காப்பாற்றினார். இச்சரிதையில் தொழில் நடத்தத் தெரிந்த ஒருவர் அந்த அம்மையாரே என்று சொல்லத் தோன்றுகிறது. பாஸ்டரோ ஜார்ஜ் கூப்பர் என்ற வாலிபருடன் சேர்ந்து, அவர் சாகித்தியம் எழுத இவர் மெட்டமைக்க, காலையில் செய்த பாட்டை மாலைக்குள் ரொக்கத்துக்கு விற்கத் தொடங்கினார். மளிகைக் கடைப் பழுப்புத் தாளில் பாட்டெழுதினார் என்றும் சொல்வார்கள். 1863-ல் மட்டும் ஏறக்குறைய ஐம்பது பாட்டுக்கள். அவற்றில் நிலைத்தது அரிது.

1864 ஜனவரி 10-ந் தேதி, பவரி வீதியில் தாம் தங்கியிருந்த மலிவான ஹோட்டல் அறையில், காய்ச்சலோடு எழுந்தவர் விழுந்து கழுத்தில் காயமுற்றார். கூப்பர் வந்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் சென்றார். 13-ந் தேதி பிராணன் பிரிந்தது. பையில் இருந்த 38 செண்டில் 35 யுத்தகாலக் காகித நாணயம். மூன்று செப்புக் காசு. ஒரு துண்டுத் தாளில், எந்தப் பாட்டுக்கோ தொடக்கமாக, ஐந்து வார்த்தைகள் எழுதியிருந்தன.

மார்ச்சு மாதத்தில் ப்யூடிபுல் ட்ரீமர் வெளிவந்தது. மரணத்துக்குச் சில நாள் முன்பு இயற்றிய கடைசிப் பாட்டு என்று கம்பெனியார் விளம்பரம் செய்தார்கள். அது 1862-லேயே அச்சுக்குத் தயாராகியிருந்ததென ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். சாவும் சரக்கு விற்க உதவிற்று.

பாஸ்டர் விற்க முடியாத ஒன்று அவரறியாமல் அவர் கையில் இருந்தது. 28 வருஷம் முடிந்தபின் புதுப்பிக்கும் உரிமையைச் சட்டம் விதவைக்கும் பிள்ளைகளுக்கும் கொடுத்திருந்ததல்லவா? 1879-ல் ஓல்ட் போக்ஸ் அட் ஹோம் புதுப்பிக்கப்பட்டது. ஜேனுக்கும் மேரியனுக்கும் மீண்டும் கொஞ்சம் வருமானம் வரலாயிற்று. பாட்டின் முகப்பிலும் கிறிஸ்டியின் பெயர் நீங்கி, ஸ்டீபன் பாஸ்டர் என்ற பெயர் ஏறிற்று. 1914-ல் அமெரிக்கப் பாட்டாசிரியர்களும் பிரசுரகர்த்தர்களும் கூடி, பொது இடங்களில் பாடுவதற்குக் கட்டணம் வசூலிக்க ஒரு சங்கம் அமைத்தார்கள். 1941-ல் அச்சங்கம் கட்டணத்தை உயர்த்தக் கோரவே, ரேடியோ கம்பெனிகள் சங்கத்தாரின் பாட்டுக்களை ஒலிபரப்ப மறுத்தன. மாதக்கணக்கில் தகராறு நீடித்தது. அந்த மாதங்களில் ரேடியோக்காரர், உரிமைக் காலம் கழிந்து எவருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லாத பழம் பாட்டுக்களைத் தேடி எடுத்தார்கள். கேட்டுக் கேட்டு ஜனங்கள் பரிகாசம் செய்யும் அளவுக்கு, இராப் பகலாக அவர்கள் ஒலிபரப்பிய பாட்டு, பாஸ்டருக்கு 200 டாலர் கொடுத்த அந்த ஜீனி.