தாதாசாகேப் பால்கே

மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தின் பக்கம் கோடையில் சென்றவர் உப்பளங்களைக் கண்டிருப்பர். பாத்தியில் நீராய்க் கிடந்தது சில நாளில் உப்பாகிவிடுகிறது. ஆனால் அது விளையும் செயலை எவர் கண்ணும் கண்டதில்லை. இத்தகைய மெல்லிய மாற்றத்தைக் கண்முன் நிகழ்வதுபோல் காட்டிய ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். அவரே தாதாசாகேப் பால்கே.

நாசிக்கை அடுத்த திரியம்பகத்தில் 1870-ஆம் ஆண்டில், வடமொழிப் புலவர் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். பம்பாய் ஓவியப் பள்ளியிலும் பரோடா கலாபவனத்திலும் பயின்றார். புகைப்படம், மாயவித்தை, அச்சு எனப் பல துறைகளில் புகுந்தார், ஒன்றிலும் நிலைத்தாரில்லை. எனினும் அவற்றுள் ஒன்றேனும் பின்னாளில் வீண்போகவில்லை.

பம்பாயில் 1911-ஆம் ஆண்டில் இயேசுநாதர் வரலாற்றுப் படத்தைக் கண்டார். நம் புராணக் கதைகளையும் இவ்வாறே திரையில் காட்டவேண்டும் என்ற வேட்கை அவரைப் பற்றிக்கொண்டது. ஓயாது படங்களை நோக்கியும் ஆராய்ந்தும் சில காலம் பார்வையையே இழந்தார். மருத்துவத்தால் மீண்ட பார்வையையும் அதே வேலைக்கே அளித்தார்! காப்புறுதிப் பத்திரத்தை ஈடுவைத்து, 1912-இல் இலண்டன் சென்று படக்கருவி வாங்கிவந்தார்.

பொருள் தருவோர் நம்பவேண்டுமே! தொட்டியில் பட்டாணி விதையை ஊன்றி, எதிரே கருவியை அசையாது நிறுத்தினார். ஒரு மாதத்திற்கு மேலாக, நாள்தோறும் சிறிது சிறிதாகப் படம் பிடித்தார். அவற்றைத் தொடர்ந்து ஓட்டியபோது, விதை முளைத்துச் செடியாக எழுவது சிறிது நேரத்திற்குள் திரையில் தோன்றிற்று. கண்டவர் பொருள் தர இசைந்தார்.

அவர் மனைவி சரசுவதிபாய் படச்சுருளுக்குத் துளையிட்டார். அதைக் கழுவவும் கற்றார். உழைத்தோர் அனைவர்க்கும் சோறும் சமைத்தார். இவ்வம்மையாரின் பெயரைப் பலர் மறந்தது முறையன்று. ‘அரிச்சந்திரன்’ படம் 1913 மே 3-ஆம் நாள் பம்பாயில் மக்கள் பார்வைக்கு வந்தது. பின்வந்த ‘இலங்கா தகனம்’ என்னும் படத்தில் அனுமன் வானில் பறந்தான். 1919-இல் அவருடைய சிறுமகள் மந்தாகினி கண்ணனாகக் காளிங்கன்மேல் ஆடினாள்.

1915-ஆம் ஆண்டளவில் தீக்குச்சிகளையும் அவர் ஆடவைத்தார். குச்சியைச் சிறிதே நகர்த்தி ஒரு படம்; மீண்டும் நகர்த்தி மற்றொரு படம். அக்காலத்தில் ஒரு நொடிக் காட்சிக்கு ஏறத்தாழப் பதினாறு படங்கள் வேண்டியிருந்தன. ஒரு நிமிடத்திற்கு எத்தனை என்று மாணவர் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

பேசும் படங்கள் வந்தபின் அவர் தொழில் நலிந்தது. 1944 பிப்ரவரி 16-ஆம் நாள் நாசிக்கில் காலமானார். 1969-ஆம் ஆண்டு முதல் இந்திய அரசு அவர் பெயரால் விருது வழங்கிவருகிறது. அத்தீக்குச்சிப் படச்சுருளோ இன்று கிடைத்திலது.